சீட்டுக்கட்டு கம்பெனி மெஷின் ரிப்பேர்காரர் டூ கேம் பாய்... யார் இந்த குன்பே யோகோய்?

வீடியோ கேம் கன்ட்ரோலரை எடுத்துப் பாருங்க. இடது கட்டைவிரல் படுற இடத்தில் கூட்டல் குறி மாதிரி ஒரு பட்டன் இருக்கும். அதை வடிவமைத்தவர் குன்பே யோகோய். கேம் பாய் உருவானதும் இவர் தலைமையில்தான். ஆனால் இவர் பெயரைத் தேடினால், வெற்றிகளைவிட ஒரு தோல்விதான் அதிகம் பேசப்படுகிறது. அது நியாயமா?

1941-ல் ஜப்பானின் கியோட்டோவில் பிறந்தவர் யோகோய். 1965-ல் நின்டெண்டோவில் சேர்ந்தார். அப்போது அது சீட்டுக்கட்டு தயாரிக்கிற கம்பெனி. சீட்டு அச்சடிக்கும் மெஷின்களைப் பார்த்துக்கொள்வதுதான் இவர் வேலை. பொழுது போகாமல், நீட்டினால் தூரத்துப் பொருளைப் பிடிக்கும் ஒரு கை பொம்மையைச் செய்து விளையாடினார். கம்பெனி தலைவர் ஹிரோஷி யமாவுச்சி அதைப் பார்த்துவிட்டார். வேலை போச்சு என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடந்ததோ வேற! அந்த பொம்மை 1966-ல் 'அல்ட்ரா ஹேண்ட்' என்ற பெயரில் கடைக்கு வந்து 10 லட்சத்துக்கு மேல் விற்றது.

புல்லட் ரயிலில் ஒருவர் பொழுதுபோக்குக்காக கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து யோகோய்க்கு வந்த ஐடியாதான், 1980-ல் வெளியான 'கேம் அண்ட் வாட்ச்'. கால்குலேட்டர் திரை அப்போது மலிவாகிவிட்டிருந்தது. பழகிப்போன, விலை குறைந்த தொழில்நுட்பத்தைப் புதுசா ஒரு விஷயத்துக்குப் பயன்படுத்து. இதுதான் அவர் கொள்கை.

1982-ல் 'டாங்கி காங்' விளையாட்டை மடக்கும் கருவியில் கொண்டுவரும்போது ஒரு சிக்கல். குச்சி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தால் கருவியை மூட முடியாது. அதற்காகத் தட்டையாகச் செய்ததுதான் அந்தக் கூட்டல் குறி பட்டன்.

1986-ல் இவர் குழு 'மெட்ராய்டு' விளையாட்டை வெளியிட்டது. கவச உடையில் சண்டை போடும் சாமுஸ் ஆண் என்றே எல்லோரும் நினைத்தார்கள். வேகமாக முடித்தவர்களுக்கு மட்டும் கடைசியில் கவசத்தைக் கழற்றிக் காட்டினார்கள். அது ஒரு பெண்! சினிமாவிலும் இப்படி ட்விஸ்ட் வைக்கலாம்தான். ஆனால் இங்கே அந்த ட்விஸ்ட்டை விளையாடுபவர் ஜெயித்துத்தான் வாங்க வேண்டும்.

1989-ல் கேம் பாய். பச்சை கலந்த மங்கலான திரை, வண்ணமே கிடையாது. போட்டிக்கு வந்த அட்டாரி லிங்க்ஸ், சேகா கேம் கியர் ரெண்டுமே கலர். ஆனா அவை 6 பேட்டரியை சில மணி நேரத்தில் காலி செய்துவிடும். சுவர்க் கடிகாரத்துக்குப் போடுவோமே, அந்த பேட்டரி நாலு போட்டால் கேம் பாய் பத்து மணி நேரத்துக்கு மேல் தாங்கும். விலையும் குறைவு. பின்னால் வந்த கலர் மாடலையும் சேர்த்து 11 கோடிக்கு மேல் விற்றது.

சரி, அந்தத் தோல்வி? 1995-ல் வந்த 'விர்ச்சுவல் பாய்'. கண்ணை வைத்துப் பார்க்கும் முப்பரிமாணக் கருவி. விலையும் மின்சாரச் செலவும் குறைய வேண்டும் என்று சிவப்பு விளக்கு மட்டுமே வைத்தார்கள். பார்த்தவர்களுக்குத் தலைவலி, கண்வலி. சுமார் 7.7 லட்சம் மட்டுமே விற்று, ஓராண்டுக்குள் நிறுத்தப்பட்டது. கவனிச்சீங்களா? கேம் பாயை ஜெயிக்க வைத்த அதே சிக்கனம்தான் இங்கே காலை வாரியது. கையில் இருக்கும் திரை மங்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். கண்ணையே மூடும் திரையில் அது முடியாது. கொள்கையைக் குறை சொல்வதைவிட, அதைத் தப்பான இடத்தில் வைத்தார் என்பதுதான் சரி.

1996-ல் நின்டெண்டோவை விட்டு விலகி, 'கோட்டோ' என்ற சொந்த நிறுவனம் தொடங்கினார். மறு ஆண்டு அக்டோபர் 4-ம் தேதி, நெடுஞ்சாலையில் ஒரு சின்ன விபத்து. காரை விட்டு இறங்கிப் பார்த்தவர் மீது இன்னொரு கார் மோதியது. அப்போது அவருக்கு வயது 56.

அவர் பங்களிப்பில் உருவான 'வொண்டர்ஸ்வான்' கருவியை 1999-ல் பண்டாய் நிறுவனம் வெளியிட்டது. அதுக்கு ஒரே ஒரு பேட்டரி போதும். கூடவே வந்த புதிர் விளையாட்டுக்கு வைத்த பெயர், 'குன்பே'.