டைமட்ஸுவும் பஞ்சாலைப் பெண்களும்

வெற்றி பெற்றவன் கையாண்ட முறைகள் அனைத்தும் நன்முறைகளே என்று கொள்ளும் வழக்கம் உலகத்தில் வெகு காலமாக இருந்து வருகிறது. தோற்றவனுடைய நற்குணங்கள் மறக்கப்படுகின்றன. வென்றவனுடைய குறைகளுக்கும் கோயில் எழுப்பப்படுகிறது. தாழ்வுற்ற ஒரு தேசம் மீண்டும் தலைநிமிரும் காலத்தில் இவ்வழக்கம் பின்னும் வலுப்பெறுகிறது. வெற்றியினால் தேசத்துக்குக் கிடைக்கும் பெருமையானது, அதற்கு விலை கொடுத்தவர்கள் யார், எவ்வளவு கொடுத்தார்கள் என்னும் கேள்வியை மறைத்து விடுகிறது. ஜப்பானிய மாதர் கைப்பந்துக் கோஷ்டியை உலகத்தின் முதல் ஸ்தானத்துக்குக் கொண்டு சென்ற டைமட்ஸு ஹிரோபூமியின் வாழ்க்கை இக்கேள்வியை நம் முன் நிறுத்துகிறது. ஆகையால் அதனை நேயர்களுக்கு எடுத்துக் கூற விரும்புகிறோம்.

டைமட்ஸு 1921-ம் வருஷம் பிப்ரவரி மாதம் ஷிகோகு தீவில் ககாவா மாகாணத்தில் பிறந்தவர். க்வான்ஸெய் காகுயின் கலாசாலையில் வாசிக்கும்போதே கைப்பந்தாட்டத்தில் தேர்ச்சி பெற்றார். 1941-ல் ஜப்பானின் பெரிய பஞ்சாலைக் கம்பெனிகளில் ஒன்றும், பின்னாளில் நிச்சிபோ என்று பெயர் பெற்றதுமான ஸ்தாபனத்தில் உத்தியோகத்தில் அமர்ந்தார். ஆயினும் யுத்தம் அவரை விட்டு வைக்கவில்லை. ராணுவ சேவைக்கு அழைக்கப்பட்டுச் சீனாவிலும் பர்மாவிலும் போர்முனைகளில் இருந்தார். 1944-ல் ஜப்பானிய சேனை இம்பாலை நோக்கிப் படையெடுத்தபோது அவரும் அதில் ஒருவராகச் சென்றார்.

அந்தப் படையெடுப்பின் வரலாறு தமிழ் மக்களுக்கு அந்நியமானதன்று. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த மலேயாத் தமிழர் பலர் அதே பர்மாக் காடுகளில், அதே மழையிலும் பசியிலும் வருந்தினர். போதிய உணவும் மருந்தும் பின்தொடர்வதற்கு வழி செய்யப்படாமலே ஜப்பானியத் துருப்புகள் மலைகளைக் கடந்தன. அவர்களில் மாண்டவர் சுமார் 30,000 பேர். குண்டு பட்டு இறந்தவர்களைக் காட்டிலும் பசியாலும் நோயாலும் இறந்தவர்களே அதிகம். உயிர் தப்பியவர்களில் ஒருவரான டைமட்ஸு, ரங்கூனில் பிரிட்டிஷாரிடம் யுத்தக் கைதியாக இருந்துவிட்டுத் தாயகம் திரும்பினார். தன் சக்தி முடிந்துவிட்டது என்று மனிதன் எண்ணும் இடத்துக்கு அப்பாலும் அவனால் நடக்க முடியும் என்பதே அந்தக் காடுகள் தமக்குக் கற்பித்த பாடம் என்று அவர் கருதினார். அதே காடுகள் வேறொரு பாடத்தையும் கற்பித்தன. மேலே இருப்பவர்களின் பிடிவாதத்துக்குக் கீழே இருப்பவர்கள் உயிரை விலையாகக் கொடுக்க நேரிடும் என்பதே அது. இவ்விரண்டில் முதற் பாடத்தையே டைமட்ஸு ஆடுகளத்துக்குக் கொண்டு வந்தார்.

ஒஸாகாவுக்கு அருகில் கைஸூக்கா என்னும் ஊரில் நிச்சிபோ கம்பெனிக்கு ஓர் ஆலை இருந்தது. 1954-ல் அங்கே மாதர் கைப்பந்துக் கோஷ்டி ஒன்று அமைக்கப்பட்டு, டைமட்ஸு அதன் பயிற்சி ஆசானானார். ஜப்பானியக் கைத்தொழில் வளர்ச்சியின் அஸ்திவாரம் கிராமத்துப் பெண்களின் உழைப்பு என்பது சரித்திரம் அறிந்தவர்களுக்குத் தெரியும். நூல் ஆலைகளில் ஆயிரக்கணக்கான யுவதிகள் ஆலை விடுதிகளிலேயே தங்கி வேலை செய்து வந்தனர். அவர்களுடைய தேக சௌக்கியத்துக்கும் பொழுதுபோக்குக்கும் என்று முதலாளிகள் ஏற்படுத்திய விளையாட்டுகளில் கைப்பந்தும் ஒன்று. அக்காலத்தில் ஜப்பானியர் ஒரு பக்கத்துக்கு ஒன்பது பேராக ஆடி வந்தனர். உலகப் பந்தயங்களிலோ ஆறு பேர் ஆட்டமே வழக்கு. உள்நாட்டில் பட்டங்களை வென்ற கைஸூக்காப் பெண்கள், ஐம்பதுகளின் பிற்பகுதியில் ஆறு பேர் ஆட்டத்தைப் புதிதாகக் கற்கத் தொடங்கினார்கள்.

1960-ல் பிரேஸில் தேசத்தில் உலகப் பந்தயம் நடந்தது. ஜப்பான் இரண்டாவது ஸ்தானம் பெற்றது. முதல் ஸ்தானம் சோவியத் ருஷியாவுக்கே கிடைத்தது. 1952-லிருந்து அப்பட்டம் ருஷியாவை விட்டு அகலவில்லை. ருஷியப் பெண்கள் உயரத்திலும் பலத்திலும் மிக்கவர்கள். அவர்கள் ஓங்கி அடிக்கும் பந்தை வலைக்கு மேலே தடுப்பது குட்டையான ஜப்பானியப் பெண்களுக்கு எளிதன்று. டைமட்ஸுவின் மேதை வெளிப்பட்ட இடம் இதுவே. தலைக்கு மேலே இழந்ததைத் தரைக்கு அருகே ஈடு செய்யலாம் என்று அவர் கண்டார். தூரத்தில் விழும் பந்தை நோக்கிப் பாய்ந்து, கையால் அதை எழுப்பி, தோள்மீது உருண்டு, அந்த உருளலின் வேகத்திலேயே எழுந்து நிற்கும் முறையை அவர் உண்டாக்கினார். எப்படித் தள்ளினாலும் நிமிர்ந்து விடும் ஜப்பானியப் பொம்மையைப்போல் அவர்கள் எழ வேண்டும் என்பது அவர் எண்ணம். நமது தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையும் அவ்வினத்ததே. அன்றியும், காற்றில் அலைந்து உதிரும் இலைபோல் வலைக்கு அப்பால் தடுமாறி இறங்கும் ஒரு வகைப் பந்து வீச்சையும் இக்கோஷ்டியார் கைவசப்படுத்தினர்.

இவற்றைக் கற்பித்த முறைதான் விவாதத்துக்கு உரியது. பெண்கள் காலையில் ஆலை அலுவலகத்தில் வேலை பார்ப்பார்கள். பிற்பகலில் தொடங்கும் பயிற்சி நள்ளிரவு வரையிலும், சில தினங்களில் அதற்கு அப்பாலும் நடக்கும். டைமட்ஸு பந்தை மாற்றி மாற்றி எறிந்துகொண்டே இருப்பார். பெண்கள் பாய்ந்து விழுந்து எழுந்துகொண்டே இருப்பார்கள். கை விரல் சுளுக்கினாலும் முழங்கால் வீங்கினாலும் பயிற்சி நிற்பதில்லை. களைத்து விழுந்தவர்களை அவர் கடுஞ்சொல்லால் ஏசுவார். முடியாதவர்கள் தாய்வீடு செல்லலாம் என்பார். ஷிபூயா நோபூகோ என்ற பெண்மணி இப்பயிற்சியைப் படம் பிடித்து வெளியிட்ட சிறு திரைப்படம் 1964-ல் கான் நகரத் திரைப்பட விழாவில் பரிசு பெற்றது. அதே வருஷத்தில் அமெரிக்கப் பத்திரிகை ஒன்று இம்முறை மனித மதிப்புக்கே இழுக்கு என்ற கருத்துப்பட எழுதியது.

பலன் மட்டும் எவராலும் மறுக்க முடியாததாக இருந்தது. 1961-ல் கோஷ்டி ஐரோப்பாவில் சுற்றுப்பிரயாணம் செய்து, எதிர்ப்பட்ட கோஷ்டிகளையெல்லாம் தோற்கடித்தது. கீழ்த்திசைச் சூனியக்காரிகள் என்ற பெயர் அப்போது வழங்கத் தொடங்கியது. 1962-ல் மாஸ்கோ நகரத்திலேயே ருஷியாவை முறியடித்து உலகப் பட்டத்தைக் கைப்பற்றினார்கள். 1959-ம் வருஷ இறுதி முதல் 1966 வரையில் நிச்சிபோ கோஷ்டி தொடர்ச்சியாக 258 பந்தயங்களில் வெற்றி பெற்றது.

மாஸ்கோ வெற்றியோடு ஓய்வு பெற்று விடுவது என்று ஆசானும் பெண்களும் எண்ணியிருந்தனர். தலைவியான கஸாய் மஸாயே 1933-ல் பிறந்தவர். அக்கால ஜப்பானிய வழக்கப்படி விவாகத்துக்குரிய வயது அவருக்கும் தோழியர் சிலருக்கும் கடந்துகொண்டிருந்தது. ஆனால் 1964-ல் டோக்கியோவில் ஒலிம்பிக் பந்தயம் வர இருந்தது. கைப்பந்து முதன் முறையாக அதில் சேர்க்கப்பட்டிருந்தது. பெண்கள் கோஷ்டியாக ஆடும் பந்தாட்டம் ஒன்று ஒலிம்பிக்கில் இடம் பெற்றதும் அதுவே முதல் முறை. விலகக் கூடாது என்று வேண்டி ஜனங்களிடமிருந்து ஆயிரக்கணக்கான கடிதங்கள் வந்து குவிந்தன. நெடிய யோசனைக்குப் பின் 1963-ம் வருஷத் தொடக்கத்தில் பெண்கள் தொடர்ந்து ஆடச் சம்மதித்தனர். அவர்கள் தொடர்ந்தால் தாமும் தொடர்வதாக டைமட்ஸு ஏற்றுக்கொண்டார்.

1964 அக்டோபர் 23-ம் தேதி ஜப்பானியருக்கு மறக்க முடியாத நாள். தங்கள் சொந்த வித்தையாகிய ஜூடோவில், எடை வரம்பற்ற பிரிவின் முடிவுப் போட்டியில், டச்சுக்காரரான கீஸிங்கிடம் அன்று ஜப்பானிய வீரர் தோல்வியுற்றார். அன்றைய தினமே மாதர் கைப்பந்தில் ருஷியாவும் ஜப்பானும் எதிர்த்து நின்றன. ஜப்பான் மூன்று ஆட்டங்களையும் 15-11, 15-8, 15-13 என்ற கணக்கில் வென்றது. மூன்றாவது ஆட்டத்தில் வெற்றிக்கு ஒரு புள்ளியே எஞ்சியிருந்தபோது ருஷியர் விடாது எதிர்த்து நெருங்கி வந்தனர். கடைசியில், ருஷியர் பக்கத்துக் கை ஒன்று வலையைத் தாண்டிய பிழையினால் பந்தயம் முடிந்தது. டோக்கியோ வட்டாரத்தில் டெலிவிஷன் வைத்திருந்த வீடுகளில் 100-க்கு 66.8 வீதம் அதைப் பார்த்தன என்று கணக்கிடப்பட்டது. யுத்தத்தில் சாம்பலான தேசம் மறுபடியும் எழுந்துவிட்டது என்பதற்குத் தரையில் உருண்டு எழுந்த அப்பெண்களே சின்னமாகத் தோன்றினர்.

வெற்றிக்குப்பின் டைமட்ஸு பதவியை விட்டு விலகினார். 1965-ல் சீனப் பிரதம மந்திரி சூ என்-லாய் அவரை அழைத்தார். முன்னொரு காலத்தில் படைவீரராகச் சீன மண்ணை மிதித்தவர், இப்போது ஆசானாக அங்கே சென்று ஒரு மாத காலம் சீனப் பெண்களுக்குப் பயிற்சி அளித்தார். இரு தேசங்களுக்கும் இடையே ராஜீய உறவு இல்லாத காலம் அது. 1981-ல் சீன மாதர் ஒஸாகாவில் ஜப்பானையே வென்று உலகக் கோப்பையை அடைந்தனர். தம் தேசத்தை வெல்லக்கூடியவர்களுக்கும் தம் வித்தையை ஒளிக்காமல் கொடுத்த பெருந்தன்மையை நாம் போற்றுகிறோம். 1968-ல் லிபரல் ஜனநாயகக் கட்சியின் சார்பில் டைமட்ஸு பார்லிமெண்ட் மேல் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார், 1974-ல் தோல்வியுற்றார். 1978 நவம்பர் 24-ம் தேதி தமது 57-ம் வயதில் காலமானார்.

இனி, இவ்வாழ்க்கையைப் பற்றி நாம் என்ன தீர்ப்புச் சொல்வது? அவரிடம் பயின்ற பெண்கள் பிற்காலத்திலும் தங்களை அபலைகள் என்று எண்ணவில்லை. தாங்களே விரும்பி உழைத்ததாகவும், ஆசானை மதித்ததாகவும் முதுமையிலும் கூறினார்கள். அவர்கள் சாட்சியத்தைப் புறக்கணித்து, அவர்களுக்காக நாம் கண்ணீர் வடிப்பது அவர்களை அவமதிப்பதாகும். ஆனால், அதிகாரம் உடையவனிடம் கீழிருப்பவர் அளிக்கும் சம்மதத்தை இருமுறை பரிசீலிக்க வேண்டும் என்பது சட்டம் அறிந்தவர்கள் ஒப்பும் கொள்கை. ஆசான் கம்பெனியின் உத்தியோகஸ்தர். பெண்கள் அதே கம்பெனியின் ஊழியர்கள். அவர்கள் உறங்கும் விடுதியும் கம்பெனியுடையது. கடிதம் எழுதிக் காத்திருந்ததோ ஒரு தேசம் முழுவதும். இந்நிலையில் முடியாது என்று சொல்வதற்கு எத்தனை பேருக்குத் துணிவு பிறக்கும்? சம்மதம் உண்மையாக இருக்கலாம். அது சுலபமாக மறுக்கக் கூடியதாக இருந்தது என்று எவரும் சொல்ல முடியாது.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. டைமட்ஸுவின் வெற்றிக்குக் காரணங்கள் பல. எதிரியின் பலத்தை ஆராய்ந்து மாற்று வழி கண்ட அறிவு ஒன்று. பெண்கள் விழித்திருந்த நேரமெல்லாம் தாமும் விழித்து, அவர்களோடு உழைத்த உழைப்பு மற்றொன்று. தக்க சமயத்தில் விலகிய நேர்மை வேறொன்று. இவற்றைப் பின்பற்றுவது கடினம். கடுஞ்சொல்லையும் நள்ளிரவுப் பயிற்சியையும் பின்பற்றுவதற்கோ அறிவு வேண்டியதில்லை. அதிகாரம் இருந்தால் போதும். என்னைப் பின்தொடர்ந்து வா என்று பொருள்படும் தலைப்புடன் 1963-ல் வெளிவந்த அவருடைய புத்தகத்தை ஜப்பானியர் லட்சக்கணக்கில் வாங்கினர். பள்ளிக்கூட மைதானங்களில் அதட்டலும் அடியும் பயிற்சி என்ற பெயரில் நிலைத்து நின்றதற்கு அவர் ஒருவரே காரணம் என்று சொல்வது நியாயமன்று. அவர் வெற்றி அதற்கு ஒரு சாக்காக உதவியது என்பதில் ஐயமில்லை. 2012-ல் ஒஸாகாவில், ஆசிரியரின் அடிகளைத் தாங்க மாட்டாமல் ஒரு மாணவன் உயிரை மாய்த்துக்கொண்ட பிறகே தேசத்தின் மனச்சாட்சி விழித்தது. 2013 ஏப்ரலில் ஜப்பானிய விளையாட்டு ஸ்தாபனங்கள் ஒன்று கூடி, விளையாட்டில் பலாத்காரத்தை அடியோடு ஒழிப்பதாகப் பிரகடனம் செய்தன.

அந்தத் தேசத்தின் மாதர் கோஷ்டியில் ஒரு காலத்தில் ஆடியவரான மஸூகோ நவோமி என்ற பெண்மணி, 2015 முதல் சிறு குழந்தைகளுக்காகக் கைப்பந்துப் பந்தயம் நடத்தி வருகிறார். அங்கே பயிற்சி ஆசான்கள் குழந்தைகள்மீது கோபிக்கக் கூடாது என்பதே சட்டம். டைமட்ஸு வாழ்ந்திருந்தால் இதை ஒப்பியிருப்பாரோ, நகைத்திருப்பாரோ, நாம் அறியோம். ஆனால் விழுந்தவர் எழ வேண்டும் என்பதே அவர் கற்பித்த வித்தையின் சாரம். அதைக் கற்பிப்பதற்குக் குழந்தையை அடித்து வீழ்த்த வேண்டிய அவசியம் இல்லை. நம் நாட்டுப் பெண்களும் உலக அரங்கில் வெற்றிகளை அடைய வேண்டும் என்பதே நமது ஆசை. அந்த ஆசையில் டைமட்ஸுவின் அறிவையும் உழைப்பையும் இரவல் கொள்வோமாக. அவர் கோபத்தை அவரோடு விட்டு விடுவோமாக.