இரணைமடுப் பண்டகசாலையும் நல்லூர்த் தேரடியும்
(யோகர் சுவாமிகளின் வாழ்க்கை)

இரணைமடுக் குளக்கட்டிலே மாலை வேளைகளில் உலாவச் செல்வோர் பலர். கனகாம்பிகை அம்மனை வழிபட்டுவிட்டுக் கட்டின்மேல் ஏறி நின்று, பரந்து கிடக்கும் நீரைக் கண்டு மனங்குளிர்ந்து வீடு திரும்புவர். அக்கட்டுக்கு மண் வெட்டிச் சுமந்த கைகளை நினைப்போர் சிலர். அக்கைகளுக்கு வேண்டிய கருவிகளையும் பொருள்களையும் கணக்கு வைத்துக் காத்துக் கொடுத்த ஒருவரை நினைப்போர் அவரினுஞ் சிலர். அவர்தாம் பின்னாளிலே ஈழத்துச் சைவ மக்களால் யோகர் சுவாமிகள் என்றும் சிவயோக சுவாமிகள் என்றும் போற்றப்பெற்ற மகான். நல்லூருக்கும் கொழும்புத்துறைக்கும் உரியவர் என்று உலகம் அவரை அறியும். நம்முடைய மண்ணுக்கும் அவர் உரியவர் என்பதை நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும். அதன் பொருட்டே அவர்தம் வாழ்க்கையை இங்கே சுருக்கமாக எழுதத் துணிந்தோம்.

சுவாமிகள் 1872-ஆம் ஆண்டு மே மாதத்தில், முருகப் பெருமான் கோயில் கொண்டெழுந்தருளியிருக்கும் மாவிட்டபுரத்திலே பிறந்தார். தந்தையார் அம்பலவாணர், தாயார் சின்னாச்சி அம்மையார். பெற்றோர் இட்ட பெயர் சதாசிவம் என்பது. பிள்ளைப் பருவத்திலேயே தாயாரை இழந்தார். தந்தையாரோ மலைநாட்டிலே மஸ்கெலியாவில் வியாபாரஞ் செய்து வந்தார். ஆகவே கொழும்புத்துறையில் இருந்த தந்தையாரின் சகோதரியே தாயின் இடத்திலிருந்து அவரை வளர்த்தார். யாழ்ப்பாணத்துச் சம்பத்திரிசியார் கல்லூரியிலே கல்வி பயின்றார். கிறித்தவக் கல்லூரியிற் படித்தும், உறவினருள்ளே கிறித்தவர் இருந்தும், அவருடைய உள்ளம் தேவார திருவாசகங்களிலே ஊறிக் கிடந்தது. இதனால் அவர் பிற சமயத்தாரை வெறுத்தாரல்லர். பிற்காலத்திலே கிறித்தவரும் பௌத்தரும் இஸ்லாமியரும் அவரைத் தேடி வந்தபோது, வந்தவர் எவராயினும் நம்மவர் என்றே கொண்டார்.

ஆறுமுக நாவலர் 1879-இலே சிவபதம் அடைந்த பின்னர், அவர் மூட்டிய சைவ விளக்கு யாழ்ப்பாணத்தில் அணையாது எரிந்த காலம் அது. 1897-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்திலே, மேல்நாட்டில் வேதாந்தப் பெருமையை நாட்டித் திரும்பிய விவேகானந்த சுவாமிகள் யாழ்ப்பாணத்துக்கு எழுந்தருளினார். ஊரே திரண்டு அவரை வரவேற்றது. அவருடைய சொற்பொழிவைக் கேட்ட கூட்டத்திலே இருபத்து நான்கு வயது நிரம்பிய நம் சதாசிவமும் இருந்தார் என்பர். அன்று கேட்ட வீரமொழி அவர் உள்ளத்தில் நெடுங்காலம் ஒலித்துக்கொண்டிருந்தது.

இனி நம் ஊருக்கு வருவோம். கனகராயன் ஆற்றை மறித்துக் குளங்கட்டி, வன்னி நிலத்தை வயலாக்க வேண்டும் என்ற எண்ணம் ஆங்கிலேய ஆட்சியாளருக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே தோன்றியிருந்தது. ஹென்றி பார்க்கர் என்ற நீர்ப்பாசனப் பொறியியலாளர் 1885-இலே அதற்குத் திட்டம் வரைந்தார். கட்டும் வேலை 1902-இலே தொடங்கிற்று. இன்று நாம் காணும் கிளிநொச்சி நகரம் அப்பொழுது இல்லை. 1936-ஆம் ஆண்டுக் குடியேற்றத்தின் பின்னரே அது நகராக வளர்ந்தது. அக்காலத்திலே இங்கே இருந்தவை அடர்ந்த காடும், ஆனையும் கரடியும், மலேரியாக் காய்ச்சலுமே. யாழ்ப்பாணத்தார் வன்னிக்கு உத்தியோகம் பார்க்கச் செல்வதென்றால் வீட்டிலுள்ளோர் கலங்குவர். அத்தகைய இடத்திலேதான் சதாசிவம் நீர்ப்பாசனப் பகுதியின் பண்டகசாலைக் காப்பாளராக உத்தியோகம் ஏற்றார். ஸ்ரோர்க்கீப்பர் என்று அக்காலத்தார் சொல்வர்.

அந்த உத்தியோகத்தின் இயல்பைச் சிறிது சிந்தியுங்கள். பண்டகசாலையிலே பொருள்கள் நிறைந்து கிடக்கும். திறப்பு அவன் கையிலிருக்கும். ஆயினும் ஓர் ஆணிகூட அவனுடையதன்று. வந்ததை வரவில் வைத்து, கொடுத்ததைச் செலவில் எழுதி, இருப்பதைப் பழுதுபடாமற் காத்து, கேட்கும் நாளிலே கணக்கொப்புவிக்க வேண்டும். நேர்மையில்லாதவனுக்கு அது கள்ளத்தனத்துக்கு வாய்ப்பான இடம். நேர்மையுள்ளவனுக்கோ அது ஒரு தவச்சாலை. எல்லாம் என் கையில் இருக்கின்றன, ஒன்றும் என்னுடையதன்று என்ற உணர்ச்சி நாடோறும் அவனுக்குப் பழக்கமாகின்றது. நூல்கள் பற்றின்மை என்று பேசுவது இதனையன்றோ? திருச்சிராப்பள்ளியிலே அரச கணக்கராயிருந்த தாயுமான சுவாமிகளின் வரலாற்றையும் இங்கே நினைத்துக் கொள்ளலாம்.

சதாசிவம் அவ்வுத்தியோகத்தை நேர்மையாகச் செய்தார். மேலதிகாரிகளின் நன்மதிப்பைப் பெற்றார். உடன் வேலை செய்தவர்கள் அவரை அன்போடு நேசித்தனர். சம்பளத்தைத் தமக்கென்று சேர்த்து வைக்கும் ஆசையும், விவாகஞ் செய்து கொள்ளும் எண்ணமும் அவருக்கு இருக்கவில்லை. பகல் முழுவதும் வேலை. இரவிலே காட்டின் அமைதியில் திருமுறைப் பாராயணமும் தியானமும். வேலையிலே பக்தி குறுக்கிடவுமில்லை. பக்தியிலே வேலை குறுக்கிடவுமில்லை. இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நின்றன.

1905-ஆம் ஆண்டிலே அவர் வாழ்க்கையைத் திருப்பிய நிகழ்ச்சி நடந்தது. நல்லூர்க் கந்தசுவாமி கோயில் தேரடியிலே செல்லப்பா சுவாமிகள் என்ற ஞானி ஒருவர் இருந்தார். அவரும் ஒரு காலத்திலே கச்சேரியில் உத்தியோகம் பார்த்தவரே. கந்தைத் துணியும், தமக்குத் தாமே பேசுகின்ற பேச்சும் கண்டு, ஊரார் அவரை விசரன் என்று ஒதுக்கிச் சென்றனர். ஒருநாள் அத்தேரடி வழியாகச் சென்ற சதாசிவத்தை நோக்கி அம்மகான் அதட்டிக் கேட்டது, நீ யார் என்ற பொருள்பட்ட ஒரு வினாவே. பெயரைச் சொல்லலாம், ஊரைச் சொல்லலாம், உத்தியோகத்தைச் சொல்லலாம். ஆனால் அவ்வினா இவற்றையெல்லாம் கடந்து உள்ளே பாய்ந்தது. இவரே என் குரு என்று அந்தக் கணத்திலேயே அவர் தெளிந்தார்.

தெளிந்தவர் மறுநாளே உத்தியோகத்தை உதறிவிட்டு ஓடினாரா? இல்லை. இளைஞர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய இடம் இதுவே. ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் அவர் பண்டகசாலை வேலையைத் தொடர்ந்து செய்தார். ஓய்வு கிடைத்த போதெல்லாம் நாற்பது மைலுக்கு அப்பாலுள்ள நல்லூருக்குச் சென்று குருவின் காலடியில் இருந்துவிட்டு, கடமைக்குரிய நாளிலே திரும்பி வந்தார். குருவோ எளிதில் அருள்பவரல்லர். ஏசுவார், துரத்துவார், நாள் முழுதும் காக்க வைப்பார். கஷ்டப்பட்டுச் சமைத்த சோறும் கறியும் உண்ணும் வேளையிலே, பானையைத் தூக்கி உடைத்துவிடுவார். பசியோடிருந்த சீடர் வாய் திறக்கலாகாது. நான் சமைத்தேன், நான் உண்பேன் என்ற எண்ணம் பானையோடு சேர்ந்து உடைய வேண்டும் என்பதே அதன் கருத்து.

1910-ஆம் ஆண்டளவிலே காலம் கனிந்தது. தம் உத்தியோகத்தை முறைப்படி விட்டு நீங்கி, முழுநேரமும் குருவின் பணியில் நின்றார். அவ்வாண்டிலே குருவின் ஆணைப்படி கீழ்க்கரை வழியாகக் கதிர்காமத்துக்குக் கால்நடையாக யாத்திரை செய்து மீண்டார். பின்னர்க் குரு அவரைத் தம்மருகில் வைத்துக் கொள்ளவில்லை. தனியே நின்று வளர் என்று அனுப்பிவிட்டார். 1915-இலே செல்லப்பா சுவாமிகள் சமாதியடைந்தார். சீடர் கொழும்புத்துறையிலே தெருவோரத்து இலுப்பை மரத்தடியில், மழையையும் வெயிலையும் பொருட்படுத்தாது தவமிருந்தார். அன்பர்கள் நெடுநாள் வேண்டியதன் பின்னரே ஓலைக் குடிலொன்றில் தங்க இசைந்தார். அக்குடிலே அவருக்கு ஐம்பது ஆண்டு போல வீடாயிற்று.

அக்குடிலின் வாயிலுக்கு வராதார் யார்? நீதிபதியும் வந்தார், கமக்காரனும் வந்தான். வைத்தியரும் மாணவரும் வந்தனர். இலங்கையின் மகாதேசாதிபதியாயிருந்த சோல்பரிப் பிரபுவின் மூத்த புதல்வரும் அவர் அடியவரானார். பட்டமும் பதவியும் அங்கே செல்லாது. அகங்காரத்தோடு வந்தவர் ஏச்சு வாங்கித் திரும்புவர். துன்பத்தோடு வந்தவர் பாய் விரித்து இருத்தப்பெறுவர். சூழ இருப்போரைத் தேவாரம் பாடச் சொல்வார், தாமும் பாடுவார். அவ்வாறு எழுந்த பாடல்களும் உரைகளும் நற்சிந்தனை என்ற பெயரால் நூலாயின. குருவிடம் கேட்ட நான்கு சிறு வாக்கியங்களையே அவர் வாழ்நாள் முழுவதும் மந்திரமாகப் போதித்தார். அவற்றை அறியாத சைவ வீடு வடபகுதியிலே அரிது.

அவருடைய போதனையின் சாரம் சிவதொண்டு என்ற ஒரு சொல்லில் அடங்கும். கோயிலிற் பூக்கட்டுதல் மாத்திரம் தொண்டன்று. வயல் உழுதலும், பாடஞ் சொல்லுதலும், கந்தோரிலே கணக்கெழுதலும், அடுப்படியிலே பிள்ளைக்குச் சோறு கொடுத்தலும், சிவன் செயலென்று செய்யப்படுமாயின் தொண்டேயாம் என்பது அவர் காட்டிய நெறி. 1935-ஆம் ஆண்டளவிலே அவருடைய அன்பர்கள் வெளியிடத் தொடங்கிய மாசிகைக்கும் சிவதொண்டன் என்றே பெயர் அமைந்தது. வண்ணார்பண்ணையிலே 1953-இல் சிவதொண்டன் நிலையம் எழுந்தது. பின்னர் மட்டக்களப்புச் செங்கலடியிலும் ஒரு நிலையம் தோன்றியது.

இங்கே ஒரு வினா எழும். நம் இளைஞர்களும் இதனைக் கேட்பதுண்டு. எல்லா வேலையும் சிவதொண்டு என்றால், சுவாமிகள் மட்டும் ஏன் இரணைமடு உத்தியோகத்தை விட்டார்? வேலை இழிவென்று விட்டாரல்லர். ஒரு வேலை முற்றுப்பெற்றது. மற்றொரு வேலைக்கு அழைப்பு வந்தது. அவ்வளவே. இதற்குச் சான்று அவருடைய பிற்கால நடைமுறையே. குடும்பத்தையும் உத்தியோகத்தையும் விட்டுத் தம்மிடம் ஓடிவர எண்ணியோருள் மிகச் சிலரையே அவர் துறவு நெறியிற் சேர்த்தார். ஏனையோரை அவரவர் கடமைக்கே திருப்பி அனுப்பினார். கடமையிலிருந்து தப்பிக்கும் வழியாகப் பக்தியைக் கொள்வதை அவர் சிறிதும் பொறுத்தாரல்லர்.

1940-இலே இந்தியாவுக்கு யாத்திரை சென்று, காசி, சிதம்பரம் முதலிய தலங்களை வணங்கினார். திருவண்ணாமலையிலே இரமண மகரிஷியையும் கண்டார். முதுமையிலும் அவருடைய நடை ஓயவில்லை. 1961-ஆம் ஆண்டிலே, குடிலில் நின்ற பசுவுக்கு உணவு கொடுக்கச் சென்றபோது விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அதன் பின்னும் வந்தோரைப் பார்த்துப் பேசி வழிகாட்டினார். 1964-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே, தொண்ணூற்றோராவது வயதில், கொழும்புத்துறையிலே மகாசமாதி அடைந்தார்.

அவர் காவல் செய்த பண்டகசாலையின் பொருள்களாற் கட்டப்பட்ட குளத்தின் முதற்கட்டம் 1920-ஆம் ஆண்டளவிலேதான் நிறைவெய்தியது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னரே அவர் இவ்விடம் விட்டுச் சென்றுவிட்டார். தாம் செய்த வேலையின் பயனாகிய நீரை, உத்தியோகத்திலிருந்த காலத்தில் அவர் காணவில்லை. அந்நீரை உண்டு விளைந்த நெல்லைத் தலைமுறை தலைமுறையாக நாம் உண்கின்றோம். பயன் கருதாப் பணி என்பதற்கு வேறு உதாரணம் தேடி நாம் எங்கே போவது?

பெரியோர்களே, நாம் பட்டவை சிறியனவல்ல. 2008-ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே ஊரையும் வயலையும் கோயிலையும் விட்டு, கையில் அகப்பட்டதைத் தூக்கிக் கொண்டு புறப்பட்டோம். திரும்பி வந்தபோது கூரையில்லா வீடும் காடு பிடித்த வயலுமே எதிர்கொண்டன. வராது போனவர்களை எண்ணி இன்றும் வீடுகளிலே விளக்கேற்றுகின்றோம். எல்லாம் என் கையில் இருந்தன, ஒன்றும் என்னுடையதன்று என்ற பாடத்தை இரணைமடு மக்கள் நூலிற் படிக்கவில்லை; உடலாற் படித்தோம். அந்தப் பாடம் சிலரைச் சோர்வில் ஆழ்த்தியது. இனி எதற்கு உழைப்பது என்று கைவிட்டவரும் உளர். அதே பாடத்தைப் பண்டகசாலையிற் கற்ற ஒருவரோ சோர்வடையாமல் தொண்டு செய்யப் புறப்பட்டார். பாடம் ஒன்றே, அதைக் கொள்ளும் முறை நம் கையில் இருக்கின்றது.

இளைஞர்காள், கோயிலுக்குச் செல்லுங்கள். திருவிழாவிலே முன்னின்று பணி செய்யுங்கள். ஆனால் தேர் இருப்புக்கு வந்த மறுநாள் காலையிலே சமயம் முடிந்துவிட்டது என்று எண்ணாதீர்கள். அன்றுதான் அது தொடங்குகின்றது. வாய்க்காலில் நீர் திருப்பும்போது அயல் வயற்காரனுக்குரிய முறையைத் திருடாதிருத்தல் சமயம். சங்கத்துப் பணத்துக்குச் சதங்கூடப் பிசகாமற் கணக்குக் காட்டுதல் சமயம். தனிமையில் வாடும் முதிய தாய்க்கு ஒரு குடம் நீர் கொண்டு கொடுத்தல் சமயம். ஒரு பிள்ளை போதையின் பக்கம் சாயும்போது கைபிடித்து இழுத்துக் கொண்டு வருதல் சமயம். இவற்றைச் செய்ய வெள்ளை வேட்டியும் வேண்டாம், மேடையும் வேண்டாம்.

அடுத்த முறை குளக்கட்டில் ஏறி நிற்கும்போது, காட்டு நடுவிலே விளக்கொளியில் வரவு செலவு எழுதிக் கொண்டிருந்த அந்த இளைஞரை ஒரு கணம் நினைத்துக் கொள்ளுங்கள். தேரடியிலே கேட்கப்பட்ட வினாவுக்கு விடை தேடும் வேலையை அவர் இந்த மண்ணிலேதான் தொடங்கினார். அவ்வினா நமக்கும் உரியது. விடையை நம்முடைய வேலையிலே தேடுவோமாக.