சொல் தேடி அலைந்த தமிழ்த் தாத்தா



பால்மரம் சீவிய பாட்டி உங்கள் வீட்டில் இருந்தால் ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பெரட்டு, நெரை, மங்கு, ஒட்டுப்பால் என்று சொல்லிக்கொண்டே போவார். கோல சிலாங்கூர் வட்டாரத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகு இந்தச் சொற்களைக் கேட்டால் நம் பிள்ளைகள் திருதிருவென்று விழிக்கிறார்கள். தோட்டத்துப் பேச்சு என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. அவர்களுக்காகத்தான் உ. வே. சாமிநாதையரின் கதையைச் சொல்ல வந்தேன்.

அன்றைய தஞ்சை மாவட்டம் உத்தமதானபுரத்தைச் சேர்ந்த குடும்பத்தில் 1855-ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். குடும்பத்தில் வறுமை. தந்தையார் இசை வல்லவர். மகனோ தமிழே கதியென்று மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தார். 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் வேலையும் கிடைத்தது. வயது இருபத்தைந்துதான்.

அதே ஆண்டு அவ்வூருக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசாமி முதலியார் அவரிடம் என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ஐயர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் என்று அடுக்கினார். முதலியார் அசையவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்றார். இல்லை! கல்லூரி ஆசிரியருக்கு எப்படி இருந்திருக்கும், எண்ணிப் பாருங்கள்.

ஐயர் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. ஏட்டைக் கையில் எடுத்தார். பழைய ஏட்டில் புள்ளி இராது. காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். போதாததற்குச் சமண சமயச் சொற்கள். உள்ளூர்ச் சமணர் வீடுகளில் சிந்தாமணியைப் படித்து வந்தார்கள். அங்கே போய்க் கேட்டார். பேராசிரியராயிற்றே என்ற கூச்சம் இல்லை.

ஓரிடத்தில் இடையன் வெட்டிய மரம் என்று ஓர் உவமை. மரத்தை யார் வெட்டினால் என்ன, இடையனுக்கு என்ன தனிச் சிறப்பு? ஏடுகளைப் புரட்டியும் தெளிவு வரவில்லை. பிறகு ஒரு சமயம் நாட்டுப்புறத்து மனிதர் ஒருவரின் பேச்சில் இடையன் வெட்டு அறா வெட்டு என்ற பழமொழி வந்து விழுந்தது. ஆட்டுக்குத் தழை எட்டவேண்டும், ஆனால் கிளை சாகவும் கூடாது. அதனால் இடையன் பாதி வெட்டி வளைத்துத் தொங்க விடுவானாம். செத்ததும் இல்லை, பிழைத்ததும் இல்லை! புலவரின் உவமை ஐயருக்கு அப்போதுதான் விளங்கியது. ஆடு மேய்ப்பவர் சர்வசாதாரணமாகச் சொல்லும் பேச்சு அது, ஐயா.

சிந்தாமணி 1887-இல் அச்சேறியது. பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898. ஏட்டுக்காக ஊர் ஊராக அலைந்தார். சில இடங்களில் போய்ச் சேரும் முன்பே ஏடு அடுப்புக்கும் ஆற்றுக்கும் போயிருந்தது. 1932-இல் சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் அளித்தது. 1942-இல் திருக்கழுக்குன்றத்தில் காலமானார்.

சரி, பாட்டியின் சொற்களுக்கு வருவோம். மங்கு, மலாய்க்காரரின் மங்கோக். பெரட்டு, துரைமார் பேச்சின் பரேட். நெரை? காலையில் பாட்டி உளி எடுத்துக்கொண்டு போய் நின்ற அந்த மரவரிசை? அது நிரை. புறநானூற்றில் ஆநிரை என்று வருகிறதே, அந்த நிரைதான்.