சிவபெருமான் பெயரால் செங்கோல் செலுத்திய அகல்யாபாய் அம்மையார்

அறங்கள் பலவற்றுள்ளும் ஆலயத் திருப்பணி தலையாயது. கல்லும் சுதையும் கொண்டு கோயில் எடுத்த அளவில் அத்திருப்பணி முற்றுப்பெறுவதில்லை. அதற்குச் செலவிடும் பொருள் நல்வழியில் வந்ததாயிருத்தல் வேண்டும். குடமுழுக்கு நிறைவேறிய மறுநாள் தொட்டு விளக்கும் அமுதும் பூசையும் முட்டின்றி நடைபெறுதற்கு நிலைத்த வழி வகுத்திருத்தலும் வேண்டும். இவ்விரண்டனையும் வாழ்நாள் முழுதும் கண்ணெனப் போற்றி, இமயம் முதல் சேது ஈறாகச் சிவபுண்ணியம் விளைத்த பெருமாட்டியார், மாளவ நாட்டில் ஹோல்கார் மரபின் அரசியாய் விளங்கிய அகல்யாபாய் அம்மையார் ஆவார்.

ஹோல்கார் அரசினைத் தோற்றுவித்தவர் மல்ஹார் ராவ் என்னும் பெருவீரர். ஆடு மேய்க்கும் தங்கர் குலத்தில் 1693ஆம் ஆண்டில் பிறந்த இவர், மகாராட்டிர நாட்டில் நீரா ஆற்றங்கரையிலுள்ள ஹோல் என்னும் சிற்றூரைச் சார்ந்தவர். அவ்வூர்ப் பெயரே குடிப்பெயராயிற்று. பேஷ்வா முதலாம் பாஜிராவின் படையிற் சேர்ந்து, தோள்வலியாலும் மதிநுட்பத்தாலும் படிப்படியே உயர்ந்து, மாளவத்தின் பெரும்பகுதியைத் தம் ஆட்சிக்கண் பெற்றார். இந்தூர் அவ்வரசின் பேரூராயிற்று.

அகல்யாபாய் 1725ஆம் ஆண்டு மே திங்கள் 31ஆம் நாள், அகமதுநகரப் பகுதியைச் சார்ந்த சௌண்டி என்னும் சிற்றூரில் தோன்றினார். தந்தையார் மாங்கோஜி சிந்தே, அவ்வூர்த் தலைவர். பெண்கள் எழுத்தறியாதிருந்த அந்நாளில் தம் மகளுக்கு எழுதவும் படிக்கவும் கற்பித்த தகைமையாளர். படையுடன் அவ்வழியே சென்ற மல்ஹார் ராவ், ஊர்ச் சிவன் கோயிலில் வழிபாடு செய்துகொண்டிருந்த சிறுமியின் பத்தியையும் பணிவையும் கண்டு, தம் ஒரே மகனாகிய கண்டே ராவுக்கு மணமகளாக வேண்டினார் என்பது வழிவழி வந்த செய்தி. திருமணம் 1733ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. பின்னர் 1745இல் மாலே ராவ் என்னும் மகனும், 1748இல் முக்தாபாய் என்னும் மகளும் பிறந்தனர்.

மனையறம் நெடுங்காலம் நீடிக்கவில்லை. 1754ஆம் ஆண்டில், ஜாட் மன்னர் சூரஜ்மல்லுக்குரிய கும்பேர்க் கோட்டையை மராட்டியப் படைகள் முற்றுகையிட்டிருந்தபோது, கோட்டையினின்று வந்த பீரங்கிக் குண்டு கண்டே ராவின் உயிரைக் கவர்ந்தது. அம்மையாருக்கு அப்போது வயது 28. அக்கால வழக்கப்படி கணவருடன் தீப்புக அவர் துணிந்தார். முதுமையில் ஒரே மகனை இழந்த மல்ஹார் ராவ், தமக்கும் நாட்டுக்கும் இனி மகனாய் நின்று உதவுவார் மருமகளாரே எனக் கூறி மன்றாடித் தடுத்தார். அம்மையார் அவ்வேண்டுகோளுக்கு இசைந்தார். அன்று தொட்டுத் தம் உயிர் தமக்குரியதன்று, பிறர்க்குப் பணி செய்தற்கு விடப்பெற்றது என்னும் உணர்வே அவர் வாழ்வின் ஆணிவேராயிற்று.

மல்ஹார் ராவ் போர்மேற் சென்ற காலங்களில் வரி தண்டுதல், கணக்கு ஆராய்தல், வழக்குத் தீர்த்தல், படைக்கு உணவும் பீரங்கியும் அனுப்புதல் ஆகிய பொறுப்புக்களை மருமகளாரிடமே விட்டுச் சென்றார். இங்ஙனம் பன்னிரண்டாண்டுகள் அரசியல் பயின்ற பின்னர், 1766ஆம் ஆண்டு மே திங்களில் அப்பெருவீரர் மறைந்தார். பட்டம் பெயரன் மாலே ராவுக்கு உரியதாயிற்று. அவரோ மனநோயுற்று, ஓராண்டு நிறையுமுன் 1767இல் உயிர் நீத்தார். கணவரும் மாமனாரும் மகனும் ஒருவர் பின் ஒருவராக மறையவே, அரசு முழுவதும் அம்மையாரின் தனித்தோளில் வந்து நின்றது.

அந்நிலையில் உள்வீட்டிலேயே பகை முளைத்தது. அமைச்சராயிருந்த கங்காதர் யசுவந்த் என்பார், ஒரு சிறுவனைத் தத்தெடுத்துப் பெயருக்கு அரசனாக்கி ஆட்சியைத் தாமே நடத்தக் கருதினார். பேஷ்வாவின் சிறிய தந்தையாராகிய ரகுநாத ராவையும் துணைக்கழைத்தார். அம்மையார் அஞ்சவில்லை. ஹோல்கார் அரசில் தம்மின் உரிமையுடையார் வேறிலர் என்று துணிந்து கூறி, படையைத் திரட்டினார். பெண்டிரும் படைக்கலம் ஏந்தினர். பெண்ணொருத்தியை வென்றால் புகழில்லை, தோற்றால் பழி நீங்காது என்னும் கருத்தமைய ரகுநாத ராவுக்குச் செய்தி விடுத்தார். மகாதஜி சிந்தே முதலிய தலைவர்கள் அம்மையார் பக்கமே நின்றனர். பேஷ்வா மாதவ ராவும் அவர் உரிமையை ஏற்றுக்கொண்டார். ஒரு துளி குருதியும் சிந்தாமல் அப்பகை நீங்கிற்று.

தம் குடும்பத்துக்கு நெருங்கிய உறவினர் அல்லராயினும் நம்பிக்கைக்குரியவராகிய துகோஜி ராவ் ஹோல்காரைப் படைத்தலைவராக்கி, நாட்டின் ஆட்சியைத் தாம் மேற்கொண்டார். நருமதைக் கரையிலுள்ள மகேசுவரம் அவர் தலைநகராயிற்று. கோட்டையும் படித்துறைகளும் கோயில்களுமாக அந்நகரம் பொலிவுற்றது. நெசவாளர்களை அங்குக் குடியேற்றி அவர்தம் தொழிலை வளர்த்தார். மகேசுவரச் சேலைகள் இன்றளவும் புகழ் குன்றாதிருத்தற்கு அம்மையார் இட்ட வித்தே காரணமாகும்.

அரசு சிவபெருமானுடையது, தாம் அப்பெருமானுக்குத் தொண்டு பூண்டவர் என்பதே அவர் கொண்ட துணிபு. ஆணைத் திருமுகங்களில் தம் பெயரை இடாமல் ஸ்ரீ சங்கரன் என்றே ஒப்பமிடச் செய்தார். மகேசுவரத்தில் அடிக்கப்பெற்ற காசுகளிற் சிவலிங்கமும் வில்வ இலையும் பொறிக்கப்பெற்றன. ஓவியங்களும் சிலைகளும் அவரைக் கையிற் சிவலிங்கம் ஏந்திய கோலத்திலேயே காட்டுகின்றன.

அவர்தம் அன்றாட ஒழுக்கத்தை ஆங்கிலேயப் படைத்தலைவர் சர் ஜான் மால்கம் 1823இல் வெளியிட்ட மாளவ வரலாற்று நூலில் விரித்துரைத்துள்ளார். 1817இல் மகித்பூர்ப் போரில் ஹோல்கார் படையை எதிர்த்து நின்றவர் அவர். பகைமுகாமில் இருந்தவரே அம்மையாரை அறிந்த முதியோரைத் தேடிக் கேட்டு வியந்து எழுதினார் என்பது கருதத்தக்கது. விடியற்கு ஒரு நாழிகைக்கு மேலேயே துயிலெழுந்து, பூசை முடித்து, புராணம் கேட்டு, வறியோர்க்கு வழங்கி, அடியார்க்கு உணவளித்த பின்னரே அம்மையார் எளிய மரக்கறியுணவு கொள்வார். பிற்பகல் தொடங்கி மாலைவரை திரைமறைவின்றி அவையில் வீற்றிருந்து, வந்தோர் குறையெல்லாம் நேரிற் கேட்பார். அந்திப் பூசைக்குப் பின் இரவிலும் சில நாழிகை அரசியற் பணி நடைபெறும். வெண்ணிற ஆடையே அவர் உடை.

மகப்பேறின்றி இறந்த வணிகரின் செல்வத்தை அரசு கவர்ந்துகொள்ளும் வழக்கம் அந்நாளில் பல இடங்களில் இருந்தது. இந்தூரில் அத்தகைய வணிகர் ஒருவரின் பொருளிற் பங்கு பெற துகோஜி ராவே விரும்பினார். கைம்பெண்ணாகிய மனைவி மகேசுவரம் சென்று முறையிட்டாள். அம்மையார் அவளுக்குச் சிறப்புச் செய்து, துகோஜியின் படை உடனே இந்தூரைவிட்டு அகலுமாறு ஆணையிட்டார். மலைவழிகளிற் கொள்ளையிட்டு வாழ்ந்த பீலர்களையும் அவர் ஒறுத்து அடக்கிய அளவில் விட்டாரல்லர். உழுதற்கு நிலமும், தம் மலைவழியே செல்லும் சரக்குக்குச் சிறு சுங்கம் பெறும் உரிமையும் அவர்களுக்கு அளித்து, வழிச்செல்வோரைக் காக்கும் கடமையையும் அவர்கள்மேலேயே சுமத்தினார். கொள்ளையர் காவலராயினர்.

இனி அம்மையாரின் திருப்பணிக்கு ஊற்றாய் நின்ற பொருளின் வரலாற்றை அறிதல் வேண்டும். ஹோல்கார் அரசில் பொதுக் கருவூலம் வேறு; அரச குடும்பத்துப் பெண்டிரின் தனியுடைமை வேறு. பின்னதனைக் காஸ்கி என்பர். மல்ஹார் ராவின் மனைவியார் கௌதமாபாய்க்குப் பேஷ்வா 1734இல் அளித்த நிலங்களிலிருந்து அது தொடங்கிற்று. வழிமுறையில் அகல்யாபாய்க்கு உரியதாயிற்று. குடிகள் செலுத்திய வரி குடிகளின் காவலுக்கும் ஆட்சிக்கும் உரியதென ஒதுக்கி, தம் அறங்களை இக்காஸ்கிப் பொருளினின்றே அவர் நடத்தினார். துளசியும் நீரும் இட்டு அப்பொருளை அறத்திற்கென ஒப்படைத்தார் எனவும், ரகுநாத ராவ் பின்னொரு கால் போர்ச்செலவுக்குப் பொருள் கேட்டபோது, அஃது அறத்திற்கென விடப்பெற்றது, அந்தணராதலின் தானமாக ஏற்பின் மந்திரம் ஓதித் தரலாம் என்று விடை கூறி அனுப்பினார் எனவும் சொல்வர். தமக்கென உரிய பொருளையே இறைவனுக்கு ஈந்தார். பிறர் பொருளை எடுத்து ஈந்து தமக்குப் புகழ் தேடினாரல்லர்.

காசியில் விசுவநாதர் திருக்கோயில் அவுரங்கசீப்பின் ஆணையால் 1669இல் இடிக்கப்பட்டது. குமரகுருபர அடிகள் மடம் நிறுவிய அத்திருநகரில், நூறாண்டுக்கு மேலாக விசுவநாதருக்குத் தக்கதொரு கோயில் இல்லாதிருந்தது. பழைய இடத்தின் அருகே அம்மையார் 1780ஆம் ஆண்டில் கட்டுவித்த கோயிலே இந்நாளில் அடியார்கள் வழிபடும் கோயிலாகும். மணிகர்ணிகை, தசாசுவமேதம் ஆகிய படித்துறைகளும் அவரால் புதுப்பிக்கப்பெற்றன. ஒரு படித்துறை அவர் பெயராலேயே வழங்குகிறது. பிற்காலத்தில் பஞ்சாப் மன்னர் ரஞ்சித் சிங் பொன் வழங்கி விமானத்தைப் பொன்மயமாக்கினார். நகரத்தார் பெருமக்கள் நாள்தோறும் பூசைப்பொருள் கொண்டு செல்லும் சம்போ என்னும் அறமும் இக்கோயிலிலேதான் நடைபெற்று வருகின்றது.

சோமநாதத்தில் பன்முறை அழிவுற்ற பழைய கோயிலுக்கு அருகே 1783இல் புதுக்கோயில் எடுத்து, இலிங்கத் திருமேனியை நிலவறையில் எழுந்தருளுவித்தார். விடுதலைக்குப் பின் 1951இல் அங்குப் பெருங்கோயில் குடமுழுக்குக் காணும் வரையில் சோமநாதர் வழிபாடு அறாது நின்றது இத்திருப்பணியாலேயாம். கயையில் விட்டுணுபாதக் கோயிலை 1787இல் கட்டுவித்தமையால், சமயங்கடந்த அவர் பரந்த உள்ளம் புலனாகும். எல்லோராவை அடுத்த கிருட்டிணேசுவரர் கோயிலும் அவர் காலத்திற் புதுப்பிக்கப்பெற்றது. கேதாரம், துவாரகை, செகநாதம், இராமேசுவரம் ஆகிய தலங்களிலும் அவர்தம் அறங்கள் நிலவின. இவற்றுட் பெரும்பாலன அவர் நாட்டெல்லைக்கு அப்பாற்பட்டவை.

ஓரிடத்தில் திருப்பணி செய்தால் அங்குப் பூசைக்கும் அறச்சாலைக்கும் ஆண்டுதோறும் பொருள் சென்று சேர ஏற்பாடு செய்தல் அவர் வழக்கம். கங்கை நீரைக் காவடியாகச் சுமந்து சென்று தென்னாட்டுத் தலங்களில் திருமுழுக்காட்ட ஆட்களை அமர்த்தினார். வழிநடைப் பயணிகளுக்குக் கோடையில் தண்ணீர் வழங்கச் செய்தார். உழுகின்ற எருதுகளையும் நிறுத்தி நீரூட்டினர் அவர் பணியாளர். உழவர் விரட்டும் பறவைகள் பசியாற, விளைந்த வயல்களை விலைக்கு வாங்கி விட்டுவைத்தார்.

இத்துணை செய்தும் புகழுரையை அவர் விரும்பவில்லை. புலவர் ஒருவர் அவரைப் போற்றி நூல் இயற்றிக் கொணர்ந்தபோது, பொறுமையுடன் கேட்டு முடித்து, அந்நூலை நருமதையில் இடச் செய்தார்.

துயரம் முதுமையிலும் அவரைத் தொடர்ந்தது. மகள் வயிற்றுப் பெயரன் இளமையிலே இறந்தான். 1791இல் மருமகனும் மறைந்தார். முக்தாபாய் கணவருடன் தீப்புகத் துணிந்தார். முன்னர் மாமனார் மன்றாடியது போல இப்போது அன்னையார் மகளின் அடியில் வீழ்ந்து மன்றாடினார். மகள் இசைந்திலர். தடுக்க வல்ல அரசியாயிருந்தும் அம்மையாரால் மகளைக் காத்தல் இயலவில்லை. நருமதைக் கரையில் அத்தீயினை நேரிற் கண்டு, மூன்று நாள் உணவும் உரையும் இன்றிக் கிடந்தார். பின்னர் எழுந்து, மீண்டும் பூசையிலும் அவையிலும் அமர்ந்தார். குடிகளின் குறை கேட்கும் கடமை துயருக்காகக் காத்திராது என்பதை அவர் அறிந்திருந்தார். 28 ஆண்டுகள் ஆட்சி புரிந்து, 1795ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 13ஆம் நாள், தம் 70ஆம் வயதில் மகேசுவரத்தில் சிவபெருமான் திருவடி எய்தினார்.

அவருக்குப் பின் ஹோல்கார் அரசு போர்களாற் சிதைந்து, 1818இல் மந்தசூர் உடன்படிக்கையால் ஆங்கிலேயரின் மேலாண்மைக்கு உட்பட்டது. 1948இல் மத்திய பாரதத்துடன் இணைந்து மறைந்தது. வென்ற நாடுகளின் எல்லைகள் இன்று எவர்க்கும் நினைவில்லை. காசியில் விளக்கு எரிகின்றது. மகேசுவரத்தில் மண்ணாற் சிவலிங்கம் அமைத்து நருமதையில் விடும் வழிபாடு நடைபெறுகின்றது. தூய பொருளைக் கொண்டு தொடங்கி, நாட்பூசைக்கு வழி வகுத்து, தம் பெயரை மறைத்துச் சிவன் பெயரை நிறுத்திய திருப்பணி, அரசு அழிந்த பின்னும் அழிவதில்லை. திருக்குடமுழுக்குக்குக் கை கொடுத்த அன்பர்கள் தம் கொடையை நாட்பூசைக்கும் நீட்டித்துப் பேணுவார்களாயின், அதுவே அகல்யாபாய் அம்மையாருக்குச் செய்யும் மெய்யான வழிபாடாகும்.

திருச்சிற்றம்பலம்