ஸர் வால்ட்டர் ஸ்காட்டும் மலைநாட்டுப் பணப்பையும்

ஆடை ஒரு மனிதனுக்கு மானத்தைக் காப்பது. ஒரு நாட்டினருக்கோ அவர்தம் வரலாற்றையும் காப்பதாகும். ஸ்காட்லாந்து நாட்டினர் இன்று திருமணங்களிலும் விருந்துகளிலும் பெருமிதத்துடன் அணியும் மலைநாட்டு உடை, ஒரு காலத்தில் சட்டத்தால் விலக்கப்பட்டிருந்தது. அதனை மீண்டும் அரசவை ஏறச் செய்த பெருமையில் பெரும்பகுதி, நாவலாசிரியரெனப் புகழ் பெற்ற ஸர் வால்ட்டர் ஸ்காட்டுக்கே உரியது. அவர்தம் வாழ்க்கையை அவ்வுடையோடு பொருத்தி ஈண்டுச் சுருக்கமாகக் கூறப் புகுகின்றேன்.

ஸ்காட், 1771ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 15ஆம் நாள் எடின்பரோ நகரில் ஒரு வழக்கறிஞரின் மகனாகப் பிறந்தார். ஒன்றரை வயதில் வந்த நோயொன்று அவருடைய வலக்காலை முடமாக்கியது. நாட்டுப்புறக் காற்று நலந்தருமெனக் கருதிய பெற்றோர், ஸாண்டிநோ என்னுமிடத்திலிருந்த பாட்டனாரின் பண்ணைக்கு அவரை அனுப்பினர். ஓடியாட இயலாத அச்சிறுவர், பெரியோர் அருகிருந்து எல்லைப்புறப் போர்க்கதைகளையும் நாட்டுப்பாடல்களையும் செவி குளிரக் கேட்டார். கால் இழந்த வலிமையைக் கற்பனை பெற்றது போலும்! பின்னர்ச் சட்டம் பயின்று 1792இல் வழக்கறிஞராகி, 1799இல் ஸெல்கர்க் மாவட்டத்தின் நீதி அதிகாரியாக அமர்ந்தார். அவர் மணந்த ஷார்லட் அம்மையாரின் உடன்பிறந்தார், நம் சென்னை மாகாணத்துச் சேலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிகத்துறை அதிகாரியாயிருந்தவர் என்பது நமக்கு இனிய செய்தியாகும்.

1805இல் வெளிவந்த காவியமொன்று அவரைக் கவிஞரெனக் காட்டியது. 1814இல் தம் பெயரை வெளியிடாது அவர் எழுதிய வேவர்லி என்னும் நாவலோ, 1745ஆம் ஆண்டுக் கிளர்ச்சியையும் மலைநாட்டு மக்களின் வீரத்தையும் கற்றோர் கண்முன் நிறுத்தியது.

அக்கிளர்ச்சியின் விளைவை இங்குக் கூறாமல் இருத்தல் இயலாது. ஸ்டூவர்ட் குலத்து இளவரசர் சார்லஸ், 1746 ஏப்ரலில் கல்லோடன் போர்க்களத்தில் முறியடிக்கப்பட்டார். வென்ற அரசினர், மலைநாட்டாரின் படைக்கலங்களைப் பறித்ததோடமையாது, அவர்தம் உடையையும் பறித்தனர். 1747 முதல், போர்வீரரல்லாத ஆடவர் கில்ட் என்னும் மடிப்புடையையும் டார்ட்டன் என்னும் கட்டம்போட்ட துணியையும் உடுத்துதல் குற்றமாயிற்று. முதன்முறை அகப்பட்டோர்க்கு ஆறு மாதச் சிறை. மறுமுறை அகப்பட்டோர்க்கு ஏழாண்டு நாடுகடத்தல். இக்கொடிய சட்டம் நீங்கியது 1782இல். அதற்குள் ஒரு தலைமுறையே மறைந்துவிட, உடுத்தும் முறையைப் பலர் மறந்திருந்தனர்.

அம்முறையுள் ஸ்பாரன் என்னும் பணப்பை சிறப்பிடம் பெறுவது. கேலிக் மொழியில் அச்சொல்லுக்குப் பணப்பை என்பதே பொருள். கில்ட் உடையில் சட்டைப்பை போன்ற பை ஏதும் இல்லையாதலின், காசும் பிற சிறு பொருள்களும் வைக்க ஒரு தோற்பையை இடுப்பு வாரினின்று முன்புறம் தொங்கவிடுதல் வழக்கமாயிற்று. தேவையிலே பிறந்த அப்பை நாளடைவில் அணிகலனாக வளர்ந்தது. பகற்பொழுதில் அணிவது எளிய தோற்பை. மாலை விருந்துக்குரியதோ, மென்மயிர்த் தோலால் ஆகி, மேல்விளிம்பில் வெள்ளிப் பட்டயமும், முகப்பில் குஞ்சங்களும், இடுப்பைச் சுற்றிச் சங்கிலியும் உடையது. அரைக்கச்சின் கொளுவிக்குச் சற்றுக் கீழே, உடம்பின் நடுவில் அது அமைய வேண்டும்; மிக இறங்கின் நடைக்கு இடையூறு, மிக ஏறின் காட்சிக்குக் குறை. கொளுவி வெள்ளியாயின் பையின் பட்டயமும் வெள்ளியாக இருத்தலே பொருத்தமென்பர். நடனமாடும்போது பக்கவாட்டில் தள்ளிக்கொள்ளலாம். பகலுக்குரியதை விருந்துக்கும், விருந்துக்குரியதைப் பகலுக்கும் அணிதல் முறையன்று.

இத்தகைய பை ஒன்றனை ஸ்காட் தம் ராப் ராய் என்னும் நாவலில் மறக்கவொண்ணாதபடி தீட்டியுள்ளார். ராப் ராய் வைத்திருக்கும் பை, நீர்நாய்த் தோலால் ஆகி, வெள்ளி வேலைப்பாடு அமைந்தது. அதன் மூடியினுள் ஒரு சிறு கைத்துப்பாக்கி மறைந்துள்ளது. பொத்தான்களைத் திருகும் மறையறியாது திறக்க முயலும் கள்வன், குண்டுக்கே இரையாவான். இது வெறுங் கற்பனையன்று. துப்பாக்கிகள் மறைத்துவைக்கப்பட்ட அத்தகைய பூட்டொன்று எடின்பரோவின் நூதனசாலையில் உண்டு.

1822 ஆகஸ்டில் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தார். ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகளாக முடிசூடிய மன்னர் எவரும் அந்நாட்டை எட்டிப் பார்த்ததில்லை. வரவேற்பின் முழுப்பொறுப்பும் ஸ்காட்டின் தோளில் விழுந்தது. மலைநாட்டுக் குலத்தலைவர்களைத் தத்தம் உடையில் பரிவாரத்தோடு வருமாறு அவர் அழைத்தார். விருந்து நடனத்துக்கு வரும் கனவான்கள், படைவீரருடையோ மலைநாட்டு உடையோ அணிய வேண்டுமென்று வகுத்தார். பிறந்தது முதல் கால்சட்டையன்றி வேறறியாத எடின்பரோ வணிகரும் வழக்கறிஞரும் தையற்காரரை நோக்கி ஓடினர்; கில்ட் எது, ஸ்பாரன் எது, எதனை எங்கே கட்டுவது என்று கேட்டுத் திகைத்தனர்.

மன்னரும் பின்வாங்கவில்லை. பட்டும் வெல்வெட்டும் பொன்னும் மணியுமாகத் தமக்கென ஒரு முழு உடை செய்வித்தார். அதன் விலை 1,354 பவுன் 18 ஷில்லிங். அதனுள் வெள்ளாட்டுத் தோலாலான, பொன் மூடியிட்ட ஸ்பாரனும் ஒன்று. ஆகஸ்ட் 17ஆம் நாள் ஹோலிரூட் அரண்மனையில் அவ்வுடையுடன் அவர் காட்சியளித்தார். பருத்த மேனியில் குட்டையான கில்ட்டையும், அதன்கீழ் உடல்நிறக் காலுறையையும் கண்டு சிரித்தோர் பலர். ஸ்காட்டோ கில்ட் அணியவில்லை. முன்னோருள் ஒருத்தி காம்பெல் குலத்தவள் ஆதலின், அக்குலத்து டார்ட்டனால் தைத்த நீள் காற்சட்டையையே அணிந்தார்.

இக்கொண்டாட்டத்தினிடையே அவர் நெஞ்சில் நிறைந்திருந்த துயரை அறிந்தோர் சிலரே. மன்னரின் கப்பல் துறைமுகம் சேர்ந்த அதே நாளில், அவருடைய உயிர்நண்பர் வில்லியம் எர்ஸ்கின் காலமானார். பகலெல்லாம் ஊர்வலமும் விருந்தும். அவற்றினிடையே நண்பரின் அடக்கத்துக்குச் சென்று கண்ணீர் சொரிந்து மீண்டார் ஸ்காட். மன்னர் பருகிய கண்ணாடிக் கிண்ணத்தை நினைவுப்பொருளாகக் கேட்டுப் பெற்றுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டவர், வீடு சேர்ந்ததும் மறந்து அதன்மேல் உட்கார்ந்து நொறுக்கினார் என்னும் செய்தி நகைப்பைத் தரினும், அவர் மனம் எத்துணைச் சோர்ந்திருந்தது என்பதையும் ஒருவாறு உணர்த்தும்.

ஸ்காட் செய்தது முழுதும் சரியோவெனின், அன்றே ஐயுற்றோர் உண்டு. ஸ்காட்லாந்து மக்களுள் பெரும்பாலோர் சமவெளியினர், மலைநாட்டுடை அவர்களுக்குரியதன்று. நாடு முழுவதற்கும் அவ்வுடையைப் போர்த்தியது மிகையென்று அவருடைய மருமகனும் வரலாற்றாசிரியருமான லாக்ஹார்ட்டே கருதினார். இதனினும் வருந்தத்தக்கது ஒன்றுண்டு. இறகும் ஸ்பாரனும் அணிந்து ஊர்வலம் வந்த தலைவருள் சிலருடைய நிலங்களில், அக்காலத்திலேயே ஏழைக் குடிகள் வீடிழந்து வெளியேற்றப்பட, அவர்தம் வயல்களில் செம்மறிகள் மேய்ந்தன. உடை உயிர்பெற்றது, உடுத்தியிருந்தோர் கடல் கடந்தனர்! ஆயினும், ஒரு காலத்தில் சிறைக்கு வழியாயிருந்த உடையை அரசனே அணியுமாறு செய்தது, தோல்வியுற்ற மக்களின் மானத்தை மீட்டதாகும் என்பதையும் நாம் மறுத்தல் இயலாது.

கள்வர் கைவைக்கவொண்ணாத பணப்பையைக் கதையில் படைத்தவர், தம் பணப்பையைக் காத்துக்கொள்ளவில்லை. ஆபட்ஸ்போர்டில் மாளிகை எழுப்பவும் நிலம் வாங்கவும் பெரும்பொருள் செலவிட்டார். 1826 ஜனவரியில் அவரோடு தொடர்புடைய பதிப்பகமும் அச்சகமும் ஒருங்கே வீழ்ந்தன. ஏறத்தாழ 1,20,000 பவுன் கடன் அவர் தலையில் விழுந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் மனைவியையும் இழந்தார். கடனாளியெனச் சட்டத்தின் நிழலில் ஒதுங்கியிருக்கலாம். நண்பர் நீட்டிய பொருளையும் ஏற்றிருக்கலாம். இரண்டையும் மறுத்து, எடின்பரோ வீட்டை விற்றுவிட்டு, எழுதியே கடனைத் தீர்ப்பதென உறுதி பூண்டார். வேவர்லியை எழுதியவர் தாமே என்பதையும் 1827இல் பலரறிய ஒப்புக்கொண்டார். நெப்போலியன் வரலாறும், சிறுவர்க்கான ஸ்காட்லாந்து வரலாறும், சென்னையையும் ஹைதரலியின் மைசூரையும் களமாகக் கொண்ட கதையொன்றும் அக்காலத்து உழைப்பின் பயன்களே. உடல் தளர்ந்து, கை நடுங்கிய நாளிலும் எழுதுகோல் ஓயவில்லை. 1832 செப்டம்பர் 21ஆம் நாள் ஆபட்ஸ்போர்டில் அவர் ஆவி பிரிந்தபோது, கடனில் பெரும்பகுதி தீர்ந்திருந்தது. எஞ்சியதை அவர் நூல்களின் வருவாயே பின்னர்த் தீர்த்தது. டிரைபரோ மடத்தில் அவர் உடல் துயில்கின்றது.

எடின்பரோவின் நடுவே, ஏறத்தாழ இருநூறடி உயர்ந்த நினைவுக் கோபுரத்தின்கீழ் அவருடைய சலவைக்கல் உருவம் வீற்றிருக்கின்றது. அவ்வுருவத்தில் கில்ட்டும் இல்லை; வெள்ளிப் பட்டயமிட்ட ஸ்பாரனும் இல்லை. எல்லைப்புற இடையன் போர்த்தும் எளிய போர்வையும், கையில் எழுதுகோலும், அருகில் அவர் அன்பு பாராட்டிய நாயுமே உள்ளன. நாட்டினர்க்கு விழாவுடை உடுத்தி மகிழ்ந்தவர், தமக்கெனக் கொண்டது உழைப்பாளியின் உடையே. பிறர் பொருளைத் தன் பையில் வைத்துறங்க ஒருப்படாத அந்நேர்மையன்றோ அவர் அணிந்த அணிகளுள் தலையாயது! மாணவராகிய நாமும் அதனை விரும்பி அணிவோமாக.