கதவைத் திறந்து வைத்த சகோதரி

இறம்பொடை மலைச்சாரலில் கொழுந்து பறிக்கும் பெண்களில், பாதியில் நின்றுபோன படிப்பை எண்ணிப் பெருமூச்சு விடுபவர் எத்தனையோ பேர். வயது போய்விட்டது, இனிப் படித்து என்ன ஆகப்போகிறது என்று தமக்குத் தாமே தீர்ப்பும் எழுதிக்கொள்கிறார்கள். நீங்களும் அவர்களில் ஒருவராயின், சென்னையில் வாழ்ந்து மறைந்த சகோதரி சுப்புலட்சுமியின் வரலாற்றைச் சற்றுக் கேளுங்கள்.

1886ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18ஆம் நாள் மயிலாப்பூரில் பிறந்தவர் அவர். அக்கால வழக்கப்படி சிறு வயதிலேயே அவருக்கு மணம் முடித்து வைத்தனர். சிறிது காலத்தில் கணவர் காலமானார். வாழ்க்கை என்றால் என்னவென்று அறியுமுன்னே அவருக்கு விதவை என்ற பெயர் வந்து சேர்ந்தது. விதவையானவள் வீட்டின் மூலையில் ஒடுங்கிக் கிடக்கவேண்டும் என்பதே அன்றைய நியதி. ஆனால் தந்தையார் சுப்பிரமணிய ஐயர் மகளை மூலையில் இருத்தவில்லை. அவள் கையில் புத்தகத்தைக் கொடுத்தார்.

எழும்பூரில் பிரசெண்டேசன் கன்னியர் நடத்திய பள்ளியில் அவர் கற்றார். ஊரார் பிள்ளைகளுக்காகத் தம் வாழ்நாளையே கொடுத்த அக்கன்னியரின் தொண்டு அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. தமது சமயத்தை அவர் விட்டு விலகவில்லை. ஆயினும் அவர்களைப்போல் தாமும் கற்பித்தலுக்கே வாழ்வை ஒப்படைத்தார். சகோதரி என்னும் பெயர் அவருக்கு நிலைத்தது அதனாலன்றோ! 1911இல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்து விதவை அவரே.

தாம் கரையேறியது போதும் என்று அவர் இருந்துவிடவில்லை. பெண் பள்ளிகளுக்கு ஆசிரியைகள் கிடைக்காத காலம் அது. மறுபுறம் இளம் விதவைகள் வீடுகளில் வாழ வழியின்றிக் கிடந்தனர். இவ்விரு குறைகளையும் ஒன்றுக்கொன்று மருந்தாக்கினார் சகோதரி. எழும்பூரில் தம் இல்லத்திலேயே சில இளம் விதவைகளைச் சேர்த்துப் படிக்க வைத்தார். அவருடைய சித்தி வாலாம்பாளும் ஒரு விதவையே. அந்த இல்லத்துக்குத் தாயாக நின்றவர் அவர்தாம். 1917இல் அந்த விடுதி திருவல்லிக்கேணிக் கடற்கரையிலிருந்த ஐஸ் ஹவுஸ் கட்டடத்துக்கு மாறியது. 1922இல் லேடி வில்லிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி தொடங்கப்பட்டபோது, அதன் முதல்வரானார்.

ஊரார் ஏசினர், தூற்றினர். அவர் தளரவில்லை. விடுதியில் பிராமண விதவைகளுக்கு மட்டுமே இடமிருந்தது என்ற குறையையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. இன்னொரு குறை அவர் கண்ணிலேயே பட்டது. பதினெட்டு வயதைத் தாண்டி வந்தவர்களுக்கு அங்கே இடமில்லை. சிறுமிகளோடு சரிசமமாக உட்கார்ந்து அரிச்சுவடி படிக்க வளர்ந்த பெண்ணுக்குக் கூச்சம் இராதா? அவர்களை என்ன செய்வது?

வயது தடையென்றால், வயது வந்தவர்களுக்கென்றே ஒரு பள்ளி! 1927இல் சாரதா வித்தியாலயம் அவ்வாறே உருவாயிற்று. மீண்டும் 1942இல், வளர்ந்த பெண்களுக்காக ஸ்ரீவித்யா கலாநிலயம் என்னும் கல்விக்கூடத்தையும் தொடங்கினார். அடுப்பங்கரையோடு முடிந்திருக்க வேண்டிய வாழ்வுகள் பல, கரும்பலகையின் முன் நிமிர்ந்து நின்றன. 1952 முதல் 1956 வரை சென்னைச் சட்ட மேலவையில் உறுப்பினராயிருந்தார். 1958இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1969ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் நாள் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

வாசகரே, சகோதரிக்கு ஒரு தந்தை கதவைத் திறந்தார். பல நூறு பெண்களுக்கு அவர் கதவைத் திறந்தார். நமது மலைநாட்டில் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்ற வயது தடையல்ல. தடையாக நிற்பது கூச்சமும், சொல்லிக்கொடுக்க ஆளில்லாமையுமே. படிப்பை விட்டவராயின், கூச்சத்தை உதறுங்கள். படித்து ஆசிரியராகிவிட்டவராயின், வாரத்தில் இரண்டு மாலைப்பொழுதை உங்கள் லயத்துப் பெண்களுக்குக் கொடுங்கள். நீங்கள் நுழைந்து வந்த கதவை உங்கள் பின்னால் சாத்திவிடாதீர்கள்.