வௌவாலின் வழி கண்ட ஸ்பல்லன்ஸானி

மாலை மயங்கியதும் பாழ்மண்டபங்களினின்று புறப்படும் வௌவாலை விரும்பி நோக்குவார் மிகச் சிலர். அருவருப்பாரும் அஞ்சுவாருமே பலர். அவ்வெளிய உயிரின் பறத்தலில் ஓர் அரிய உண்மை மறைந்து கிடத்தலை உணர்ந்து, அதனை ஆராயப் புகுந்தவர் லாஸரோ ஸ்பல்லன்ஸானி என்னும் இத்தாலியப் பேரறிஞர். அவர்தம் வரலாறு மாணவர்க்குப் பெரிதும் பயன்படுவதாம்.

இவர் 1729-ஆம் ஆண்டில் வட இத்தாலியிலுள்ள ஸ்காண்டியானோ என்னும் ஊரிற் பிறந்தார். இவர் தந்தையார் வழக்கறிஞர். மைந்தரும் பொலோஞா சர்வகலாசாலையிற் சட்டமே பயிலலானார். அந்நகரில் லௌரா பாஸி என்னும் அம்மையார் பௌதிக சாஸ்திரம் கற்பித்து வந்தார். மகளிர் ஆசிரியபீடத்தில் அமர்தல் மிக அரிதாயிருந்த அக்காலத்தே பெரும்புகழ் எய்திய அவ்வம்மையார் ஸ்பல்லன்ஸானிக்கு உறவினருமாவார். அவருடைய பழக்கத்தால் இளைஞரின் உள்ளம் சட்டத்தை விட்டு இயற்கை ஆராய்ச்சியின்பாற் சென்றது. பின்னர் இவர் குருப்பட்டமும் பெற்று, ரெஜியோ, மோடெனா நகரங்களிற் கற்பித்து, 1769-இல் பவியா சர்வகலாசாலையிற் பேராசிரியரானார். ஏட்டறிவோடு அமைந்துவிடாது, வெஸூவியஸ், எட்னா முதலிய எரிமலைகளையும் நேரிற் சென்று ஆராய்ந்தார். கண்ணாற் கண்டு கையாற் சோதித்தறிதலே இவர் கைக்கொண்ட நெறி.

1793-இல், தம் அறுபத்துநான்காம் வயதில், இவர் வௌவாலைக் குறித்து ஆராயத் தொடங்கினார். விளக்கு அணைந்த அறையில் ஆந்தை தடுமாறி மோதிக்கொண்டது. வௌவாலோ இடையூறின்றிப் பறந்தது. கண்ணொளி இழக்கச் செய்த வௌவால்களும் குறுக்கே தொங்கவிட்ட நூல்களிற் படாது விலகிச் சென்றன. அத்தகையவற்றை வெளியே பறக்கவிட்டு, பின்னர்ப் பவியாத் தேவாலயத்தின் மணிக்கோபுரத்திற் சிலவற்றை மீண்டும் பிடித்துச் சோதித்தார். கண்ணுள்ள வௌவால்களைப் போன்றே அவையும் வயிறு நிறையப் பூச்சிகளை உண்டிருந்தன. ஆகவே அவற்றிற்கு வழிகாட்டுவது கண்ணன்று என்பது தெளிவாயிற்று.

பின் எதுதான் வழிகாட்டுகின்றது? ஜெனீவா நகரத்து ரண வைத்தியர் லூயி ஜுரீன் என்பார் வௌவாலின் செவிகளை அடைத்துப் பார்த்தபோது அது எதிர்ப்பட்ட பொருள்களில் மோதிற்று. ஸ்பல்லன்ஸானி இதனை உடனே ஏற்றுக்கொண்டாரல்லர். தாமே பலமுறை சோதித்து, உண்மையெனக் கண்ட பின்னரே உடன்பட்டார். ஆயினும் ஓசையின்றிப் பறப்பதாகத் தோன்றும் வௌவால் செவியால் எதனைக் கேட்கின்றது என்பதை அவரால் விளக்க இயலவில்லை. அப்புதிர் விடுபடாமலே 1799-இல் பவியாவில் உயிர் நீத்தார்.

அவர் முடிவைக் கற்றோர் பலர் மதித்திலர். பிரான்ஸ் தேசத்துப் பேரறிஞர் குவியே, வௌவால் தொடுவுணர்ச்சியாலேயே வழி அறிகின்றதென 1795-இற் கூறியிருந்தார். அவர் தாமாக ஒரு வௌவாலையும் சோதித்தறியாதிருந்தும், அவர் பெயரின் பெருமையால் அக்கொள்கை நெடுங்காலம் நிலவியது. பின்னர் அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலை மாணவராயிருந்த டொனால்டு கிரிபின் என்னும் இளைஞர், வௌவால்கள் எங்கெங்கே செல்கின்றனவென அறியும்பொருட்டு அவற்றிற்குச் சிறு வளையமிட்டு விடுத்து வந்தார். அவ்வாறு பழகிய வௌவால்களை, மனிதர் செவிக்கு எட்டாத ஒலியையும் உணர்த்தும் கருவியை அமைத்திருந்த பேராசிரியர் பியர்ஸிடம் கொண்டுசென்றார். அவை இடைவிடாது ஒலியெழுப்புதலை இருவரும் கண்டு 1938-இல் வெளியிட்டனர். தன் குரலின் எதிரொலியைக் கேட்டே வௌவால் வழி அறிகின்றதென்பது அடுத்த சில ஆண்டுகளில் உறுதியாயிற்று. முதியவர் விடுத்த வினாவிற்கு ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டு கழித்து ஓர் இளைஞர் விடை கண்டனர்.

ஸ்பல்லன்ஸானி கையாண்ட முறைகள் சில வௌவாலுக்குக் கொடிய துன்பம் விளைத்தன என்பதை மறைத்தற்கில்லை. இக்காலத்து மாணவரோ ஒரு சிறு கருவியைக் கையிலேந்தி, எவ்வுயிரையும் வருத்தாது, வௌவாலின் குரலைக் கேட்டறியலாம். பயிரை அழிக்கும் பூச்சிகளைப் பல இன வௌவால்கள் உண்டு குறைக்கின்றன. பழந்தின்னும் இனங்கள் காட்டு மரங்களின் வித்துக்களைப் பரப்புகின்றன. இவற்றை நேரிற் கண்டறிந்தவன் குகையிற் புகையிட்டு அவற்றைத் துரத்த மனங்கொள்ளான். அறியாமையிற் பிறந்த வெறுப்பு அறிவினாலன்றி நீங்காது. ஆதலின், மாணவ நண்பர்காள், ஏட்டை மூடிவைத்துச் சில மாலைப்பொழுதுகளேனும், துறையறிந்த ஆசிரியரொருவருடன் வௌவால் வாழும் இடங்களை நாடிச் செல்வீராக. ஸ்பல்லன்ஸானிக்கு ஒரு லௌரா பாஸி வாய்த்ததுபோல், நல்லாசிரியர் உங்கட்கும் வாய்ப்பாராக!